சின்னத் தட்டுகளோடு ஒரு மாலை: நம் ஊர் பிஸ்ட்ரோவில் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

நாலாவது தட்டை வைத்துவிட்டுப் பரிமாறும் தம்பி அந்தப் பக்கம் போனதும், அம்மா என் தோள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "மக்ளே, சோறு எப்ப வரும்?"

நாகர்கோவிலில் ஒரு குறுக்குத் தெருவில், பழைய ஓட்டு வீட்டின் முன்னறையைத் திருத்தி, இருபது பேர் உட்காரும்படி செய்த கடை அது. சுவரில் கரும்பலகை, அதில் சாக்பீஸால் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுகள் வந்தன. எல்லாமே ருசிதான். ஆனாலும் அம்மா அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் படுத்தாள். தப்பு அவள் பேரிலும் இல்லை, கடையின் பேரிலும் இல்லை. இந்த வகைக் கடையில் எதை முதலில் கேட்க வேண்டும், எத்தனை கேட்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அடுத்த தடவை வரிசையாகக் கேட்டு வாங்கினோம். வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

குமரி மாவட்டத்தில் இப்படிக் கடைகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டுகின்றன. போய்விட்டு, "நாலு வாய்க்கு இவ்வளவு காசா?" என்று சடைத்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்காகவும், அம்மாவைப் போல முதல் தடவை போகப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பிஸ்ட்ரோ என்றால் என்ன

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரீஸில் தெரு மூலைக்கு ஒன்றாக இருந்த எளிய சாப்பாட்டுக் கடைக்குத்தான் பிஸ்ட்ரோ என்று பேர். சின்ன இடம், பக்கத்துத் தெருக்காரர்களே வாடிக்கை, வீட்டுச் சமையல் மாதிரிச் சமையல். 1992-இல் ஈவ் கம்தபோர்த் என்ற சமையல்காரர், பெரிய ஹோட்டல் சமையலறையில் பழகிய கைத்திறனோடு வெளியே வந்து, பாரீஸின் ஓரத்தில் 'லா ரேகலாத்' என்ற சின்னக் கடையைத் திறந்தார். நட்சத்திர ஹோட்டல் கைப்பக்குவம், தெருக்கடை விலை. அந்தப் பாணி மெல்ல மெல்ல மற்ற நாடுகளுக்கும் போனது.

சின்னத் தட்டு என்பது வேறு வழியாக வந்தது. ஸ்பெயினில் அதற்கு தபாஸ் என்று பேர். லெபனானிலும் துருக்கியிலும் மெஸ்ஸே. சீனாவில் கான்டன் பக்கத்தில் தேநீரோடு வரும் டிம்சம். வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் ரொட்டித் துண்டின் மேல் கறியை வைத்துக் குச்சியால் குத்தித் தருவார்கள். பல கடைகளில் கடைசியில் குச்சிகளை எண்ணித்தான் கணக்குப் போடுவது வழக்கம்.

நமக்கு இது எதுவும் அந்நியமில்லை. நாஞ்சில் நாட்டுக் கல்யாண இலையை நினைத்துப் பாருங்கள். இலையின் மேல் பாதியில் உப்பு, ஏத்தங்காய் உப்பேரி, இஞ்சிப் பச்சடி, மாங்காய், நார்த்தங்காய், துவரன், அவியல், எரிசேரி, ஓலன் என்று எத்தனை! ஒவ்வொன்றும் ஒரு கரண்டிக்கு மேல் இருக்காது. அதைத்தான் தொடுகறி என்கிறோம். தொட்டுக்கொள்ளும் கறி. சின்னத் தட்டுக் கடை என்பது, சோற்றை எடுத்துவிட்டுத் தொடுகறிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் நின்று ருசிக்கச் சொல்லும் இடம். சோறு இல்லை என்பதுதான் வித்தியாசம். அம்மா கேட்ட கேள்வியும் சரியாக அந்த இடத்திலிருந்துதான் வந்தது.

முதல் படி: எத்தனை பேர், எப்போது

நாலு பேர் போவது நல்லது. ஒரு தட்டில் பெரும்பாலும் மூன்று அல்லது நாலு துண்டுகள் இருக்கும். நாலு பேருக்கு ஆளுக்கு ஒன்று வரும், தட்டும் பலவகை பார்க்கலாம். இரண்டு பேர் போனால் நாலைந்து தட்டிலேயே வயிறு முட்டிவிடும், பாதி மெனுவைப் பார்க்க முடியாது. ஆறு பேருக்கு மேல் என்றால் ஒவ்வொன்றையும் இரண்டு தட்டாகக் கேளுங்கள். ஒன்றே ஒன்று வந்து ஆறு கை நீண்டால் யாருக்கும் நிறைவு வராது.

வார நாள், மாலை ஏழு மணி. அப்போது சமையல்காரருக்குக் கை ஒழிவாக இருக்கும், கேட்டதற்குப் பதிலும் கிடைக்கும். போன் செய்து இடம் சொல்லி வையுங்கள். அப்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: படி ஏற முடியாத பெரியவர்கள் வருகிறார்களா, சின்னப் பிள்ளைகள் உண்டா, யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா. கடைசியாகச் சொன்னது முக்கியம். இறாலும் கணவாயும் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பை, அரைத்துக் குழம்பில் சேர்த்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே எண்ணெயில் வறுத்திருக்கவும் கூடும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வதைவிடப் போனிலேயே சொன்னால் சமையலறை தயாராக இருக்கும்.

இரண்டாம் படி: மாதத்தையும் கடலையும் பார்த்துப் போவது

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் குமரியில் சாப்பிடுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கரை, இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். மேற்குக் கரைக் கணக்கில் வரும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நிற்கும். இரண்டும் 61 நாள். ஆக, ஏப்ரல் கடைசியில் சின்னமுட்டத்தில் படகு கட்டிக் கிடக்கும்போது குளச்சலில் மீன் ஏலம் நடக்கும். ஜூலையில் அது தலைகீழ். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. வள்ளமும் கட்டுமரமும் அப்போதும் போகும். அவை கொண்டுவருவது கொஞ்சம்தான், ஆனால் காலையில் போய் அன்றே திரும்பிய மீன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பலகையைப் பாருங்கள். ஜூன் முதல் வாரத்தில் பெரிய நெய்மீன் துண்டு எழுதியிருந்தால், "தம்பி, இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்கலாம். உறைய வைத்தது என்று நேராகச் சொன்னால் அந்தக் கடையை நம்பலாம். அந்த வாரங்களில் நான் மீனே கேட்பதில்லை. அது சக்கைக் காலம், அதாவது பலாக் காலம், மாங்காய்க் காலமும்கூட. சக்கையை உருண்டை பிடித்துப் பொரித்தது, மாங்காய் போட்ட எதுவானாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். மழை முடிந்த மாதங்களில் சாளைக்குக் கொழுப்பு ஏறும். அப்போது சாளையை எந்த வடிவத்தில் எழுதியிருந்தாலும் அதுதான் முதல் தட்டு. வெளியூர்க்காரர்கள் மத்தி என்று கேட்டால் கிடைப்பதும் இதுதான்.

மீன் மட்டுமில்லை. கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும், மணம் அறை முழுக்க வரும். மாறாமலைப் பக்கத்து மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் கிடைத்தது. பலகையில் இவை இருந்தால் சமையல்காரர் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். உள்ளூர்ப் பொருள் ஒன்றுகூட இல்லாத மெனுவை நாகர்கோவிலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் படி: பலகையை வாசிப்பது

புதுமைச் சமையல் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம். "அவியலை அவியலா வச்சா போதாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் நினைவுபடுத்துவேன். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), வத்தல்மிளகு (காய்ந்த மிளகாய்), அண்டிப்பருப்பு, கைதச்சக்கை (அன்னாசி) எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பல் வழியாக வந்தவை. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரவலாக்கியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் பாட்டிமார் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். கிழங்கும் மீன்குழம்பும் என்று நாம் உரிமையோடு சொல்வதும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் துணிந்து செய்து பார்த்த புதுமைதான்.

அதற்காகப் புதியது எல்லாம் நல்லது என்று ஆகாது. ஒரு தட்டைப் பார்த்ததும் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இதற்குள் இருக்கும் பழைய கறி எது? அதில் எதை மாற்றியிருக்கிறார்கள்? மாற்றியதால் அந்தக் கறிக்கு என்ன கிடைத்தது?

சின்ன வெங்காயம் போட்ட உள்ளித்தீயலை எடுத்துக்கொள்வோம். தேங்காயைக் கறுக்கும் முன் நிறுத்தி, காப்பிக்கொட்டை நிறத்தில் வறுத்து அரைப்பதில்தான் தீயலின் உயிர் இருக்கிறது. ஒரு கடையில் தீயலைத் தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாக வற்றவைத்து, கனலில் சுட்ட சேனைக்கிழங்குத் துண்டின் அடியில் பூசித் தந்தார்கள். வறுத்த தேங்காயின் கசப்பும் சுட்ட சேனையின் புகையும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சோற்றில் பிசைந்து சாப்பிடும்போது கவனிக்காமல் போன ஒரு மணம், தட்டில் தனியாக நின்றது. அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது.

வேறொரு இடத்தில் அவியலை மை போல அரைத்து, நுரையாக்கி, ஒரு கிண்ணத்தில் தந்தார்கள். அவியலில் முருங்கைக்காய் முருங்கைக்காயாக இருக்க வேண்டும், தடியங்காய் தடியங்காயாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கலந்தும் ஒன்றுக்குள் ஒன்று கரையாமலும் இருப்பதுதான் அந்தக் கறி. கடைசியில் ஊற்றும் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் அதன் மணம். அரைத்ததில் எல்லாம் போய், தேங்காய்த் துவையல் மாதிரி ஒன்று மிஞ்சியது.

பலகையில் பெயர் புரியவில்லை என்றால் கேட்கத் தயங்காதீர்கள். இந்தக் கடைகளில் பரிமாறுகிறவர்களுக்கு ஒவ்வொரு தட்டையும் விளக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "இது என்ன?" என்று கேட்பதைவிட, "இதுல நம்ம ஊர்க் கறி எது இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சுருக்கமாகவும் தெளிவாகவும் வரும்.

நாலாம் படி: எத்தனை தட்டு

ஆளுக்கு இரண்டு தட்டு என்று கணக்கு வையுங்கள். நாலு பேருக்கு ஏழு அல்லது எட்டு, இனிப்பு உட்பட. ஆனால் ஒரே மூச்சில் எட்டையும் சொல்லிவிடாதீர்கள். முதலில் நாலு. அது வந்து பாதி தீர்ந்ததும் மீதி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னோம். எட்டுத் தட்டும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டன. மேசையில் இடமில்லை. பொரித்தது சூடாக இருக்கும்போதே தின்ன வேண்டும் என்று அதை எடுத்தோம். அதற்குள் கணவாய் ஆறி ரப்பராகிவிட்டது. கணவாய் அப்படித்தான், கனலில் ஓரிரு நிமிடம், இல்லையென்றால் அரை மணிக்கு மேல் வேகவைத்து மிருதுவாக்க வேண்டும். நடுவில் நின்றாலும், ஆறிப்போனாலும் பல்லுக்கு வேலை. இரண்டு இரண்டாக அனுப்பச் சொல்லியிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. சொன்னால் செய்வார்கள்.

அடுத்து, அம்மாவின் கேள்விக்கு வருவோம். முதல் நாலு தட்டில் ஒன்றாவது மாவுப்பொருளாக இருக்கட்டும். கிழங்கு, அப்பம், புட்டு, இடியப்பம், சின்னக் கிண்ணம் உளுந்தங்கஞ்சி என்று ஏதோ ஒரு பெயரில் அது பலகையில் கட்டாயம் இருக்கும். இல்லையென்றால் வெறும் அப்பம் இரண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். அது மேசையின் நடுவில் இருந்தால் மற்றத் தட்டுகளில் மிஞ்சும் குழம்பும் வீணாகாது. சோறு சாப்பிட்டுப் பழகிய உடம்புக்கு அது இல்லாமல் சாப்பிட்டு முடித்த நினைப்பே வராது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: வரிசை

இலையில் பந்தி விசாரிப்பவர் பார்த்துக்கொண்ட வேலையை இங்கே நாம் செய்ய வேண்டும். வரிசை தவறினால் நல்ல தட்டும் மங்கிப்போகும்.

முதலில் புளிப்பும் பச்சையும். மாங்காய், எலுமிச்சை, பச்சடி வகை. நாக்கு விழித்துக்கொள்ளும். அடுத்துப் பொரித்ததும் சுட்டதும். அதற்குப் பிறகு தேங்காய்ப்பால் சேர்ந்த இளசான கறி. கடைசியில்தான் கனமானவை: தீயல், குடம்புளி போட்ட மீன் புளிமுளம், வறுத்தரைத்த இறைச்சி. புளிமுளத்தை முதலில் சாப்பிட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வரும் தேங்காய்ப்பால் ஓலன் பாவம், வெந்நீர் மாதிரி இருக்கும்.

எரிவு தாங்கவில்லை என்றால் தண்ணீரை எடுக்காதீர்கள். மிளகாயின் எரிவுப் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தேங்காய்ப்பால் கறி ஒரு வாய், அல்லது மோர் ஒரு மிடறு போதும்.

இனி ஒரு தட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கறுப்பு மண்தட்டு. அதில் வேகவைத்து மசித்த மரச்சீனியை வட்டமாகத் தட்டி, தேங்காயெண்ணெயில் இரண்டு பக்கமும் முறுகவிட்டு வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் பொன்னிறம், நடுவில் வெள்ளை. அதன்மேல் ஒரு குழிக்கரண்டி நெத்திலி அவியல். முள்ளெடுத்த நெத்திலி, மாங்காய்த் துண்டு, பச்சைமிளகாய், சதைத்த உள்ளி, கொரகொரப்பாக அரைத்த தேங்காய். பக்கத்தில் ஒரு பொட்டு வத்தல்மிளகுச் சம்மந்தி.

இதை எப்படிச் சாப்பிடுவது? முதலில் கிழங்கின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் கிள்ளி வாயில் போடுங்கள். முறுகல் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். இல்லையென்றால் தட்டு நேரமாகிக் காத்துக் கிடந்திருக்கிறது. அடுத்து அவியலை மட்டும் விரல் நுனியில். பச்சைத் தேங்காயெண்ணெய் மணம் வர வேண்டும், மீன் வாடை வரக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்து. கடைசி வாய்க்குச் சம்மந்தியைத் தொட்டுக்கொள்ளுங்கள், முதலிலேயே வேண்டாம். நாலு பேர் என்றால் வட்டத்தை நாலாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மேசையில் பிய்த்தால் அவியல் ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் போய்விடும். அம்மா இரண்டாம் தடவை வந்தபோது இந்தத் தட்டைத்தான் சாப்பிட்டாள். "கிழங்கை யாரு இப்படிப் பொரிச்சா?" என்று கேட்டு, சமையல்காரப் பெண்ணை வரவழைத்து, "நல்லா இருக்கு மக்ளே, மாங்கா இன்னும் இத்திரி புளிச்சா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

எச்சில் விஷயம்

பகிர்ந்து சாப்பிடுவது என்றதும் நம் வீடுகளில் முதலில் எழுவது எச்சில் பேச்சு. பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க ஒரே வழி, உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு காலித் தட்டும், ஒவ்வொரு கறிக்கும் ஒரு தனிக் கரண்டியும் கேட்டு வாங்கிவிடுவது. கறி வந்ததும் ஒருவர் பங்கு வைத்துவிடட்டும். மேசையில் இளையவர் அதைச் செய்தால் அழகாக இருக்கும். முதல் பங்கு பெரியவருக்கு. சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் அவர் தட்டுகள் மேசையின் ஒரு பக்கமாகவே இருக்கட்டும், கரண்டி மாறக் கூடாது.

கையால் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. முள்மீனைக் கரண்டியில் சாப்பிடுவது ஆபத்தும்கூட. கைகழுவும் இடம் எங்கே என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

குடிக்க என்ன

வெளிநாட்டில் இந்த உணவுக்கு ஒயின் ஊற்றுவார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் நல்ல பானங்கள் இருக்கின்றன. பொரித்ததற்கு எலுமிச்சை சோடா, உப்புப் போட்டு. எண்ணெய்ப் பசையை வழித்துக்கொண்டு போகும். தேங்காய்ப்பால் கறிக்கு இஞ்சி தட்டிப் போட்டு, பால் சேர்க்காத கட்டன் சாயா. புளிமுளத்துக்கு மோர். அக்கானிக் காலமாக, அதாவது பதநீர்க் காலமாக இருந்து, கடையில் அன்று இறக்கிய அக்கானி இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் அதை மாலையில் வாங்கும்போது ஒரு வாய் பார்த்துவிட்டு வாங்குங்கள், புளித்துப் பொங்கத் தொடங்கியிருந்தால் வேண்டாம். சீனி நிறையப் போட்ட சர்பத்தைச் சாப்பாட்டுக்கு நடுவில் குடிப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அதற்குப் பிறகு எந்தக் கறியிலும் உப்பு தெரியாது.

இனிப்பும், அதற்குப் பிறகும்

மேல்நாட்டு வழக்கத்தில் இனிப்போடு சாப்பாடு முடியும். நம் இலையில் முடியாது. பாயசமும் போளியும் வந்த பிறகும் ரசமும் மோரும் வரும். இனிப்பு நாக்கில் தங்காமல் கழுவிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று முன்னோர் வைத்த வரிசை அது. பிஸ்ட்ரோவிலும் அதை விட்டுவிடாதீர்கள்.

நாலு பேருக்கு இரண்டு இனிப்புத் தட்டு போதும். முந்திரிக்கொத்தை நொறுக்கிப் போட்டு மட்டிப் பழக் குழைவோடு தருகிற தட்டு ஒன்றை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். முந்திரிக்கொத்தில் வறுத்த சிறுபயறும் கருப்பட்டியும் எள்ளும் தேங்காயும் இருக்கிறது, மேலே அரிசிமாவின் முறுகல். பழம் இளக்கம், கொத்து கரகரப்பு. தீபாவளிக்குப் பாட்டி டப்பாவில் அடைத்து வைத்து, பத்து நாள் கழித்தும் பல்லுக்குச் சவால் விட்ட அதே கொத்து, இங்கே இரண்டே வாயில் உருகிப்போகிறது. அதைச் சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்குச் சின்னக் குவளை மோர் கேளுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் சமையலறையில் தயிர் இருக்கும்.

பில் வரும்போது

ஒரு தட்டு சராசரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் தட்டு 1,600. தனி உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய பங்கு 2.5, மாநிலப் பங்கு 2.5. ஆக 80 ரூபாய் சேர்ந்து 1,680. நாலு பேருக்கு ஆளுக்கு 420. இந்தக் கணக்கை உட்காரும்போதே மனதில் போட்டுவிட்டால் கடைசியில் முகம் சுருங்காது. காம்பொசிஷன் திட்டம் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையில் உள்ள கடையாக இருந்தால் வரியைத் தனியாக வாங்கக் கூடாது, பலகையில் உள்ள விலைதான் விலை.

பில்லில் சேவைக் கட்டணம் என்று எழுதியிருந்தால் கவனியுங்கள். அது கட்டாயமில்லை. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் எடுக்க வேண்டும். நல்லபடியாகப் பரிமாறிய தம்பிக்குத் தனியாகக் கையில் கொடுங்கள், அது வேறு.

நாலு வாய்க்கு இவ்வளவா என்று கேட்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன். பத்மநாபபுரம் அரண்மனையில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஊட்டுப்புரை இருக்கிறது. அங்கே ஒரு அண்டாவில் ஆக்கியது அத்தனை பேருக்கும் போனது. இங்கே இருபது பேருக்குப் பத்து வகைக் கறி, ஒவ்வொன்றும் கேட்ட பிறகு அடுப்பேறுகிறது. நெத்திலிக்கு முள்ளெடுக்க ஒருவர் உச்சிப்பொழுது முழுக்க உட்கார வேண்டும். அந்தக் கூலி தட்டில் இருக்கிறது. அதே சமயம், உறைய வைத்த கணவாயும் பாக்கெட் மசாலாவுமாக அதே விலை கேட்கிற கடைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

குறை சொல்வது எப்படி

சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொல்லாதீர்கள், முதல் வாயிலேயே சொல்லுங்கள். மீன் நாற்றம் என்றால் சமையல்காரரே ஒரு வாய் பார்க்கட்டும், சத்தம் போட வேண்டாம். உப்பு, புளி விஷயம் என்றால் பொதுவாக "நல்லால்ல" என்பதைவிட அம்மா சொன்ன மாதிரி எது கூட, எது குறைவு என்று சொல்லுங்கள். இருபது இருக்கைக் கடைக்கு அது பெரிய உதவி. மூன்று வாரம் கழித்து அதே கிழங்குத் தட்டைக் கேட்டபோது கிளிமூக்கு மாங்காய்க்குப் பதில் நாட்டு மாங்காய் போட்டிருந்தார்கள், பல் கூசும் புளிப்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது தட்டு கேட்டாள்.

இனி எப்போது போகலாம் என்றால், ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தைக் குறித்து வையுங்கள். ஜூலை 31-உடன் மேற்குக் கரைத் தடை முடிந்து குளச்சல் படகுகள் கடலுக்குப் போயிருக்கும். முதல் சில நாள் விலை நிலைகொள்ளாது. வாரம் கழிந்து, காலை பத்து மணிக்குக் கடைக்குப் போன் செய்து, "இன்னைக்கு என்ன மீன் வந்துருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அயிலை என்றோ கணவாய் என்றோ உடனே பதில் வந்தால் ராத்திரிக்கு நாலு பேருக்கு இடம் சொல்லி வைத்துவிடலாம்.